தின்னக் கொடுத்த செடி: அட்டாலா வண்ணத்துப்பூச்சி ஊருக்குள் திரும்பிய கதை

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமி நகரத்தில் அலுவலகக் கட்டடங்களின் முன்புறத்திலும் கார் நிறுத்தும் இடங்களின் ஓரத்திலும் முழங்கால் உயரச் செடி ஒன்று வரிசையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரணி போலத் தெரியும். தொட்டால் இலை தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். அதன் பெயர் கூன்டி. அதிகம் தண்ணீர் கேட்காது, உப்புக்காற்றைத் தாங்கும், மாதாமாதம் ஆள் வைத்துக் கத்தரிக்கவும் வேண்டாம். தோட்டச் செலவைக் குறைக்க நினைப்பவருக்கு ரொம்ப வசதியான செடி. அப்படி வசதிக்காக நட்ட செடிகளைப் பிடித்துக்கொண்டுதான், அழிந்தே போய்விட்டது என்று ஒரு காலத்தில் கைவிடப்பட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று ஊருக்குள் திரும்பி வந்தது. அதன் பெயர் அட்டாலா.

"நாட்டுச் செடியை நடுங்கள், பட்டாம்பூச்சி தானாக வரும்" என்ற அறிவுரையை நாமும் நிறையக் கேட்டிருக்கிறோம். வரும், சரி. வந்த பிறகு அந்தச் செடி என்ன ஆகும், அதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஃபுளோரிடாவில் கதையின் இந்தப் பின்பாதியும் முழுசாக நடந்திருக்கிறது. நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இன்னொரு காரணம் என் வீட்டு வாசலில் ஒரு தொட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செடியும் பூச்சியும்

கூன்டி ஒரு சைகட். பூ பூக்காமல் கூம்பு வைக்கும், டைனோசர் காலத்துக்கும் முந்தைய தாவர வகை. அமெரிக்கப் பெருநிலத்தில் இயற்கையாக வளரும் சைகட் இது ஒன்றுதான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சின்ன வண்டுகள்தான் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பெண் கூம்பு பிளந்தால் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று விதைகள் தெரியும். அழகாக இருக்கிறதே என்று வீட்டு நாய் அதைக் கடித்தால் கல்லீரல் போய்விடும். இலை, தண்டு, விதை என்று எல்லாவற்றிலும் சைகசின் என்ற நஞ்சு இருக்கிறது.

தண்டு மண்ணுக்குள்தான் இருக்கும். கிழங்கு போலப் பருத்து, மெதுவாக, மிக மெதுவாக வளரும். இது ஏன் அப்படி வளர்கிறது என்பதற்கு அதன் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும். மயாமி பகுதியில் முதுகெலும்பு மாதிரி ஒரு சுண்ணாம்புப் பாறை மேடு ஓடுகிறது. மேட்டின் மேல் பைன் மரக்காடு, இரண்டு பக்கமும் சதுப்பு. அந்தக் காட்டில் அவ்வப்போது தீ வரும். தீ வந்தால்தான் அந்தக் காடு அந்தக் காடாக இருக்கும். மேலே உள்ள இலையெல்லாம் எரிந்து போனாலும், பாறை இடுக்கில் புதைந்திருக்கும் கூன்டித் தண்டு உயிரோடு இருந்து புதுக் குருத்து விடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அட்டாலாவின் புழு இந்த நஞ்சுச் செடியைத் தின்றுதான் வளர்கிறது. தின்ற நஞ்சை வெளியேற்றாமல் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சேர்த்து வைத்திருப்பதை ஊருக்குச் சொல்லவும் செய்கிறது: புழு ரத்தச் சிவப்பு, முதுகில் இரண்டு வரிசை மஞ்சள் பொட்டு. வளர்ந்த பூச்சி கருப்பு. பின்னிறக்கையில் மினுங்கும் நீலப் பொட்டுகள், நடுவில் ஒரு செம்பொட்டு, வயிறு முழுக்கச் செம்மஞ்சள். இறக்கையை விரித்தால் நான்கைந்து சென்டிமீட்டர். பறப்பதைப் பார்த்தால் அவசரமே இல்லாத ஆள் மாதிரி இருக்கும். தன்னைத் தின்ன யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த நடை. பிறந்த செடியை விட்டு அதிக தூரம் போவதும் இல்லை. கூட்டமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

முட்டைகளையும் கூட்டமாகத்தான் வைக்கும், வெள்ளை வெள்ளையாக, இளங்குருத்தின் நுனியில். நாலைந்து நாளில் புழு வெளியே வரும். அது மூன்று வாரம் போல விடாமல் தின்னும். பிறகு அதே செடியிலோ பக்கத்துச் செடியிலோ கூட்டுப்புழுவாகத் தொங்கும். எல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம்.

மாவு

அட்டாலா ஏன் காணாமல் போனது என்று கேட்டால் பதில் கடைசியில் மாவில் போய் நிற்கிறது.

கூன்டி என்பதே ஃபுளோரிடாவின் பழங்குடிகளான செமினோல் மக்கள் வழி வந்த பெயர். கிழங்கை இடித்து, தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, நஞ்சு போன பிறகு அடியில் தங்கும் மாவை உலர்த்தி ரொட்டி செய்தார்கள். 1835 முதல் 1842 வரை அமெரிக்கப் படையோடு நடந்த போரில், பயிர் வைக்க வழியில்லாமல் சதுப்புக்குள் மறைந்திருந்த காலத்தில் இது அவர்களுக்குச் சோறு மாதிரி. பிறகு வந்த வெள்ளைக் குடியேறிகளும் அதே முறையைக் கற்றுக்கொண்டார்கள். சேலம் பக்கம் மரவள்ளியை அரைத்து, பாலைத் தொட்டியில் விட்டுத் தெளியவைத்து மாவு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே வேலைதான்.

அந்த மாவு 'ஃபுளோரிடா ஆரோரூட்' என்ற பெயரில் விற்றது. நம் ஊரில் கைக்குழந்தைக்கும் வயிறு சரியில்லாதவருக்கும் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி கொடுப்போமே, அந்த இடத்தைப் பிடித்த மாவு. ரயில் 1896இல்தான் மயாமிக்கு வந்தது. அதற்கு முன் அந்தக் கடற்கரையில் குடியேறியவர்களுக்குக் கையில் காசு பார்க்க இருந்த சில வழிகளில் கூன்டி தோண்டுவதும் ஒன்று. முதலில் வீட்டளவில் இருந்தது. பிறகு ஆலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்து டன் கிழங்கு வரை அரைக்கும் ஆலைகள் இருந்தன.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. மரவள்ளியைப் பிடுங்கினால் குச்சியை நட்டு அடுத்த வருஷம் மறுபடி பிடுங்கலாம். கூன்டியை யாரும் பயிர் வைக்கவில்லை. காட்டில் இருந்ததைத் தோண்டினார்கள், அவ்வளவுதான். தோண்டுவது என்றால் முழுச் செடியையும் எடுப்பது. ஒரு கிழங்கு மாவுக்கு ஆகும் அளவு பருக்கப் பல வருஷம் ஆகும். தீயிலிருந்து தப்பிக்க மண்ணுக்குள் ஒளித்து வைத்த தண்டைத்தான் மனிதன் தேடி வந்து எடுத்தான்.

1920களின் நடுவில் ஆலைகள் மூடின. ஆனால் அதே பத்தாண்டில் நிலவிலை வெறி பிடித்தது. வெள்ளம் ஏறாத உயர்ந்த நிலம் அந்தப் பாறை மேடு ஒன்றுதான். நகரம் கட்ட வேறு இடம் கிடையாது. பைன், கூன்டி, மனிதன் மூவருக்கும் ஒரே மேடு தேவைப்பட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வெளியே அந்தப் பைன் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு.

1937க்குப் பிறகு அட்டாலா யார் கண்ணிலும் படவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் அப்படியே போனது. அழிந்துவிட்டது என்றே கருதினார்கள். 1959இல் மறுபடி தென்பட்டது. உடனே பெரிய மீட்சி ஒன்றும் நடக்கவில்லை. 1979இல் மயாமிக்கு எதிரே கடலில் இருக்கும் வர்ஜீனியா கீ என்ற சின்னத் தீவில் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சி மிச்சம் இருக்கிறது, செடிதான் வேண்டும் என்ற நிலைமை.

வசதிக்காக நட்ட வேலி

செடி வந்தது, ஆனால் பூச்சிக்காக வரவில்லை. தண்ணீர்ச் செலவு, புல்வெளிப் பராமரிப்புச் செலவு, உள்ளூர்ச் செடிகள் மேல் புதிதாக வந்த மதிப்பு எல்லாம் சேர்ந்து நர்சரிகள் கூன்டியை விதையிலிருந்து வளர்த்து விற்க ஆரம்பித்தன. சாலை நடுவே, பள்ளிக்கூட வாசலில், வீட்டு முன்புறத்தில் என்று கூன்டி ஒரு சாதாரண அலங்காரச் செடி ஆயிற்று. வர்ஜீனியா கீயிலிருந்து புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் எடுத்துப் பூங்காக்களில் விட்டார்கள். பூங்காவிலிருந்து பக்கத்து வீட்டு வரிசைக்கு அது தானாகவே போனது.

வரிசை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நீண்ட தூரம் பறக்காத பூச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய காடு இருந்து என்ன பயன்? நூறடிக்கு ஒரு வீட்டில் நாலு செடி இருந்தால் அதுவே பாதை. தேன் குடிக்கும் பூக்களும் பக்கத்திலேயே வேண்டும், அதுவும் வாய்க்குழல் குட்டை என்பதால் சின்னச் சின்னப் பூக்களாக. உண்ணிச்செடி அதற்குப் பிடிக்கும். களை என்று எல்லாரும் பிடுங்கி எறியும் ஒரு வெள்ளைப் பூச்செடியும் பிடிக்கும். உடையில் ஊசி ஊசியாக ஒட்டிக்கொள்ளும் விதை, நம் ஊர் வரப்பில் திரிகிறவர்களுக்குத் தெரிந்த ஜாதிதான்.

இப்போது மயாமியிலிருந்து வடக்கே கடற்கரையோரமாகப் பல மாவட்டங்களில் அட்டாலா இருக்கிறது. காட்டில் வாழ்ந்த பூச்சி, பெரும்பாலும் மனிதர் நட்ட செடியில் வாழும் பூச்சி ஆகிவிட்டது. இதை வெற்றி என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எப்படிப்பட்ட வெற்றி என்பது அடுத்த பகுதியில் இருக்கிறது.

"செடியை ஏதோ தின்கிறது"

நூறு கூன்டி நட்டு அழகாக வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஒரு காலையில் வெளியே வந்து பார்க்கிறார். புதுக் குருத்து முழுக்கச் சிவப்புப் புழு. ஒன்று இரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. ஒரு வாரத்தில் செடி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கிறது. குருத்து தீர்ந்ததும் முற்றின இலைக்குப் போகின்றன. பணம் கொடுத்து வாங்கி, வருஷக்கணக்கில் வளர்த்த செடி. அவர் கை பூச்சிமருந்தைத் தேடிப் போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அரிய சைகட்களைச் சேகரித்து வைத்திருக்கும் தாவரத் தோட்டங்களுக்கு இது இன்னும் சங்கடம். தன் ஊரிலேயே அழியப்போகும் ஒரு சைகட்டின் ஒற்றைச் செடி ஒரு பக்கம், அதைத் தின்னும் அரிய வண்ணத்துப்பூச்சி இன்னொரு பக்கம். கூன்டியோடு நிற்காமல் அட்டாலா வேற்று நாட்டுச் சைகட்களையும் தின்னும். யாரைக் காப்பாற்றுவது? நடைமுறையில் கையால் புழுவைப் பொறுக்கி எடுத்து, கூன்டி நிறைய உள்ள வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை. மருந்து அடிப்பதைவிட நாலு மடங்கு நேரம் ஆகும் என்றாலும், இரண்டு பக்கமும் பிழைக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

சாதாரண வீட்டுக் கூன்டிக்கு அதுகூட வேண்டாம். முன்னே சொன்ன தீயை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அடியோடு எரிந்து மறுபடி தழைக்கும்படி அமைந்த செடி அது. புழு மொட்டையடித்தால் அதற்கு ஒரு சின்னத் தீ வந்து போன மாதிரி. வேர் ஆரோக்கியமாக இருந்தால் மறுபடி குருத்து விடும். புதிதாக நட்ட சின்னச் செடியாக இருந்து, திரும்பத் திரும்ப மொட்டையானால்தான் ஆபத்து. ஆகவே நாலு செடி நட்டுவிட்டு அட்டாலாவுக்குக் காத்திருப்பவரைவிட, பத்துப் பதினைந்து செடியை ஒன்றாக நட்டவருக்கு மனவருத்தம் குறைவு. ஒரு பக்கம் மொட்டையாகும்போது மறுபக்கம் தழைத்திருக்கும்.

தின்னத் தீர்ந்ததும் கூட்டம் மறைந்துவிடும். நேற்றுவரை ஐம்பது பூச்சி சுற்றிய இடத்தில் இன்று ஒன்றுகூட இருக்காது. வீட்டுக்காரர் செத்துவிட்டன என்று நினைப்பார். சில மாதம் கழித்துக் குருத்து வரும்போது எங்கிருந்தோ ஒரு பெண் பூச்சி வந்து முட்டை வைக்கும். அந்த 'எங்கிருந்தோ' என்பது பக்கத்துத் தெருவில் இன்னொருவர் மருந்தடிக்காமல் விட்ட செடியாக இருந்திருக்க வேண்டும்.

என் தொட்டி

இனி வாசல் தொட்டி. அதில் இருப்பதை நர்சரியில் சைகஸ் என்று விற்றார்கள். கூன்டியைப் போல அதுவும் ஒரு சைகட்தான். ஜப்பானின் தென்பகுதித் தீவுகளைச் சேர்ந்த செடி. இப்போது நம் ஊரில் கல்யாண மண்டபத்து வாசல் எல்லாம் அதுதான். வருஷத்துக்கு ஒருமுறை நடுவிலிருந்து இளம்பச்சையாய்ச் சுருள் சுருளாக ஒரு வட்டம் குருத்து எழும். அந்த நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் குருத்து பாதி விரியும்போதே கருகின மாதிரி ஆயிற்று. நர்சரிக்காரரைக் கேட்டேன். "பூச்சி விழுந்திருக்கு சார். மருந்து தர்றேன், ரெண்டு தடவை அடிச்சுடுங்க, சரியாப் போயிடும்" என்றார். அடித்தேன். எறும்புகள் செத்து விழுந்தன. அதையும் பூச்சியின் கணக்கில் சேர்த்துத் திருப்திப்பட்டேன். அந்த வருஷம் வந்த இலை எல்லாம் நுனி இல்லாமல் கோணலாகவே நின்றது.

அடுத்த வருஷம் குருத்து எழுந்தபோது மருந்தை எடுக்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது எறும்புதான். தேன் இல்லாத, பூ இல்லாத செடியில் எறும்புக்கு என்ன வேலை? எறும்பு நிற்கும் இடத்தை உற்றுப் பார்த்தால், சுருண்ட குருத்துக்குள் அதே பச்சையில் அரிசி நீளத்துக்குப் புழு. எறும்பு அதைக் கடிக்கவில்லை, கொம்பால் தடவிக்கொண்டிருந்தது. புழு சுரக்கும் இனிப்பு நீர் எறும்புக்கு, எறும்பின் காவல் புழுவுக்கு. அந்தப் பக்கமே வட்டமடித்துக்கொண்டிருந்த, கட்டைவிரல் நகம் அளவுள்ள நீலப் பூச்சியை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பிளெய்ன்ஸ் கியூபிட் என்பார்கள். இந்தியாவின் சொந்தப் பூச்சி. அதற்கு முந்தின வருஷம் நான் மருந்தடித்துக் கொன்றது அதைத்தான்.

அது சைகஸ் குருத்தைத் தின்பது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நம்முடைய சொந்தச் சைகஸ் ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் 'மதனகாமப்பூ' என்று கேட்டால் தருவார்களே, அது பூவே இல்லை, அந்த மரத்தின் ஆண் கூம்பு. கேரளத்தில் ஈந்து என்பார்கள். மலபார் பக்கம் அதன் விதையின் நஞ்சை நீக்கி மாவாக்கிச் சாப்பிடும் வழக்கம் உண்டு. கூன்டியின் கதை அங்கேயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது: கூம்பு மருந்துக்கு, இலை பந்தல் அலங்காரத்துக்கு என்று வெட்டி வெட்டி, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது.

ஜப்பான் செடியில் இந்தியப் பூச்சி முட்டை வைத்ததற்குக் காரணம் உறவுமுறைதான். பூச்சிக்குப் பாஸ்போர்ட் தெரியாது; இலையின் வாசமும் நஞ்சும் தெரியும். அட்டாலா வேற்று நாட்டுச் சைகட்களைத் தின்பதும் இதே கணக்கு.

அப்படியானால் நாட்டுச் செடிதான் வேண்டும் என்ற பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். ஃபுளோரிடாவில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. 1996இல் ஆசியாவிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சி மயாமியில் கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளைச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி அது இலையை மூடிவிடும். என் தொட்டியில் இருக்கிறதே, அதே ஜப்பான் சைகஸ் அங்கே தெருவுக்குத் தெரு இருந்தது. அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. மிச்சத்தைக் காப்பாற்ற, செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்தை மண்ணில் ஊற்றினார்கள். அப்படிப்பட்ட செடியைத் தின்னும் எந்தப் புழுவும் பிழைக்காது. கூன்டியை அந்தச் செதில் பூச்சி அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே அதற்கு மருந்தும் தேவைப்படவில்லை. பூச்சிக்கு இரண்டும் சாப்பாடுதான். ஆனால் ஒரு சாப்பாட்டை விஷம் வைக்காமல் வளர்க்க முடியவில்லை. அலங்காரத்துக்காக வெளியூர்ச் செடி வைக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், என் வாசலிலேயே ஒன்று இருக்கும்போது சொல்லவும் முடியாது. மருந்து இல்லாமல் அது நிற்குமா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

கொசு விஷயத்தில் அந்தத் தேர்வும் வீட்டுக்காரர் கையில் இல்லை. தெருவில் வண்டியும் மேலே விமானமும் கொசுமருந்து தெளித்துப் போகும் ஊர் மயாமி. கொசுவுக்கு அடிக்கும் மருந்து வண்ணத்துப்பூச்சியை விட்டுவைக்காது. டெங்கு வரும் ஊரில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சைகஸ் குருத்தில் ஒரு வசதி இருக்கிறது. இலை இளசாக இருக்கும் வரைதான் நம் நீலப் பூச்சியின் புழு அதைத் தின்ன முடியும். இரண்டு மூன்று வாரத்தில் இலை விறைத்துவிட்டால் அதன் பல்லுக்கு ஏறாது. அதுவரை கொசுவலைத் துணியைச் சுற்றி வைத்தால் குருத்து முழுசாகப் பிழைக்கும். இந்த வருஷம் குருத்தின் பாதிக்கு மட்டும் வலை கட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் ஏன் இப்படி அரைகுறையாய்க் கட்டியிருக்கிறாய் என்று கேட்டார்கள். வலைக்கு உள்ளே பதினோரு இலை நேராக வந்திருக்கிறது. வெளியே விட்ட ஒன்பதில் ஆறு மொட்டை, மூன்று தப்பித்தன. ஏன் தப்பித்தன என்று பார்த்தால், அந்தப் பக்கம் எறும்பே போகவில்லை.